காலி நாற்காலிக் கோட்பாடு: இரும்பையை முன்வைத்து ஓர் ஆய்வு

அரசு அலுவலகத்தில் பதவி உயர்வு எதனால் வருகிறது? கிடைத்தவரைக் கேட்டால் திறமை என்பார். கிடைக்காதவரைக் கேட்டால் யாரையோ பிடித்தார் என்பார். இரண்டு தரப்பும் தரவுகளோடு ஒத்துப்போகவில்லை என நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். களம்: விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம், இரும்பை. வருவாய்த் துறை என்னும் நெடிய ஏணிக்குக் கிராம நிர்வாக அலுவலர் கீழ்ப்படிகளில் ஒன்று என்பதால், அண்ணாந்து பார்க்கக் கிராமமே தோதான இடம்.

ஒரு காலத்தில் இந்தச் சிக்கலே கிடையாது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் மகன் கர்ணம். தொட்டிலில் நியமனம், தகப்பனார் கண் மூடியதும் பணியேற்பு. 1980 நவம்பர் 14 அன்று எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. வழக்குக்குப் போனவர்களுக்கு 1982இல் உச்ச நீதிமன்றமும் கைகொடுக்கவில்லை. பரம்பரை இறங்கிய நாற்காலியில் சீனியாரிட்டி ஏறி உட்கார்ந்தது.

இனி கோட்பாடு. ஒருவர் உயர்வது அவர் செய்த வேலையால் அல்ல, மேலே இருப்பவர் எழுந்து போவதால். மரக்காணம் உப்பளத்தைப் பாருங்கள்: முன்னே உள்ள பாத்தி காலியானால்தான் பின்னே உள்ள நீர் நகரும், அந்த நீர் எவ்வளவு உழைத்துக் காய்ந்தது என்பதை யாரும் கேட்பதில்லை. சான்று கையிலேயே இருக்கிறது. ஓய்வு வயது 2020 மே மாதத்தில் 58இலிருந்து 59 ஆயிற்று. 2021இல் 60 ஆயிற்று. முன்பே 60 என்றிருந்த கடைநிலை ஊழியர் நீங்கலாக, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் வயது காரணமாக எவரும் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு ஆண்டிலும் கீழே இருந்தவர்களின் திறமை திடீரென வற்றிவிட்டதா? ஆனால் மாதக் கடைசியில் மாலையும் சால்வையும் விற்பவருக்கு வியாபாரம் வற்றியிருக்கும். அது தனி ஆய்வுக்குரியது.

வரிசை என்றால் எந்த வரிசை என்பது அடுத்த வினா. தேர்வாணையத் தேர்வில் எடுத்த மதிப்பெண்ணா, இனச்சுழற்சியில் வந்த இடமா? 2016ஆம் ஆண்டின் அரசுப் பணியாளர் சட்டம் சுழற்சி என்றது. உயர் நீதிமன்றம் 2019 நவம்பரில் அந்தப் பிரிவைத் தள்ளியது, உச்ச நீதிமன்றம் 2020 ஜனவரியில் ஆமோதித்தது. பட்டியல்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று.

பட்டியலில் பெயர் இருந்தும் ஏற முடியாமல் செய்யும் வஸ்து ஒன்று உண்டு: 17-பி. இந்தக் குற்றச்சாட்டுக் குறிப்பாணை நிலுவையில் இருந்தால் பெயர் தள்ளிவைக்கப்படும். இவ்விடத்தில் இரும்பை மாகாளேசுவரர் கோயிலின் தலக்கதை பெரிதும் உதவுகிறது. விழாவில் ஆடிய பெண்ணின் சிலம்பு கழன்று விழ, கடுவெளிச் சித்தர் எடுத்து மாட்டிவிட்டார். கூட்டம் சிரித்தது. சித்தர் வெகுண்டு பாட, லிங்கம் வெடித்தது. பிறகு செப்புத் தகட்டால் சேர்த்துவைத்தார்கள் என்பார்கள். விளக்கம் கேட்காமல் நடத்தைக் குறைபாடு முடிவுசெய்யப்பட்ட வழக்கு இது. குறிப்பாணை கொடுத்தால் எழுத்துமூலம் விளக்கம் கேட்டாக வேண்டும் என்ற விதிக்கு இதுவே மூலம் என நிறுவ ஆவணம் தேடிவருகிறேன்.

மேலைநாட்டார் வேறு வழியில் வந்து, திறமையை நம்பாத இதே திண்ணையில் உட்கார்ந்தார்கள். லாரன்ஸ் பீட்டர் 1969இல் சொன்னது: நன்றாக வேலை செய்கிறவரை உயர்த்திக்கொண்டே போனால், தமக்கு வராத வேலையில் போய்த்தான் நிற்பார். சிசிலித் தீவின் கத்தானியா பல்கலைக்கழகத்து மூவர் அதைக் கணினியில் ஓட்டிப் பார்த்து, பீட்டர் சொன்னது மெய்யானால் கெட்டிக்காரரைத் தேடி உயர்த்துவதைவிடக் குலுக்கிப் போட்டு உயர்த்துவது நல்லது என்று கண்டார்கள். 2010இல் இக் நோபல் பரிசு, அதாவது சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆய்வுக்கான பரிசு, கிடைத்தது. உத்திரமேரூர்க்காரர்கள் ஊர்ச்சபைக்கு ஆளெடுக்க 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகளின் காலத்திலேயே ஓலையைக் குடத்தில் இட்டுக் குலுக்கிவிட்டார்கள். அதிலும் கண்மூடிக் குலுக்கவில்லை: வயது 35க்கு மேல் 70க்குள், சொந்த மனையில் வீடு, கணக்குக் காட்டாதவர் விலக்கு, அவருடைய உறவினரும் விலக்கு. பரிசு எதுவும் வரவில்லை.

குடமோ, ஓய்வு நாளைக் காட்டும் காலண்டரோ, இரண்டுக்கும் முகம் தெரியாது. மேலதிகாரி மனமுவந்து எழுதும் மதிப்பீட்டைவிட அவற்றை நம்பலாம் என்பது என் கட்சி. வீட்டுக்குக் காய்கறி வாங்கி வந்தவரைக் காலண்டர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை.

கோட்பாட்டுக்கு ஒரு முரண்சான்று மட்டும் இருக்கிறது. நாற்காலி காலி, பட்டியலோ நீதிமன்றத்தில். அப்போது பக்கத்துக் கிராம அலுவலரிடம் ‘கூடுதல் பொறுப்பு’ தருகிறார்கள். பதவி உயராமலே ஒருவர் இரண்டு நாற்காலிக்கு உரியவராகிறார். செவ்வாய் இந்த ஊர், வியாழன் அந்த ஊர் என்று கதவில் தாள் ஒட்டியிருக்கும். பட்டாவுக்கு வந்தவர் புதன்கிழமை வந்திருப்பார்.