பி.எஸ்.ஐ. சார்

சென்னையில் நூறு வீடுகளுக்கு மேல் உள்ள எந்த அடுக்குமாடிக் குடியிருப்பிலும் ஒரு பி.எஸ்.ஐ. சார் இருப்பார். ஓய்வு பெற்றவராகவோ, ஓய்வுக்கு நாள் எண்ணுபவராகவோ இருப்பார். விடியற்காலை ஐந்தரை மணிக்குக் கீழ்த்தளத்து பார்க்கிங்கில் ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். மோட்டார் போட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று முதல் மாடிக்காரர்கள் குடத்தோடு எழுந்து குழாயைத் திறப்பார்கள். காற்றுதான் வரும். கீழே கேட்பதும் காற்றுச் சத்தம்தான். பி.எஸ்.ஐ. சார் தமது மின்சார சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருக்கிறார்.

டாக்டர் “உடம்பை அசைங்க சார்” என்று சொன்னதன் பேரில் வாங்கிய சைக்கிள் அது. 250 வாட்டுக்குள் மோட்டார், 25 கிலோமீட்டருக்குள் வேகம். ஆகவே லைசென்ஸ் வேண்டாம், நம்பர் பிளேட் வேண்டாம். “மோட்டார் ஓட்டினா உங்க உடம்பு எப்படிங்க அசையும்?” என்று மனைவி கேட்டார். “பெடலும் இருக்கும்மா” என்றார். அந்தப் பெடல் இன்றுவரை புத்தம் புதிதாக இருக்கிறது.

டயர் 4 அங்குல அகலம். அலாஸ்காவின் பனியிலும் பாலைவன மணலிலும் புதையாமல் போவதற்காக உருவான ரகம். 2005-இல் சர்லி நிறுவனத்தின் பக்ஸ்லி வந்த பிறகுதான் சாதாரணக் கடைகளுக்கு வந்தது. இதையெல்லாம் லிப்ட்டில் மூன்றாவது மாடிக்கும் ஏழாவது மாடிக்கும் நடுவில் சொல்லி முடித்துவிடுவார். வேளச்சேரியில் பனி ஏது என்று நீங்கள் நினைப்பது அவருக்குத் தெரியும். “மழைநீர் வடிகாலுக்குத் தோண்டின பள்ளம் இருக்கே!” என்பார்.

இத்தனைக்கும் சைக்கிள் அவருடைய செல்லப்பிள்ளை அல்ல. அந்த இடம் பம்புக்கு. உள்ளங்கைக்குள் அடங்கும் சார்ஜ் பம்பு. அட்டைப்பெட்டியில் காற்றழுத்தத்தின் அளவாக 150 பி.எஸ்.ஐ. என்று அச்சிட்டிருப்பதை, அமெரிக்க மாப்பிள்ளையின் சம்பளத்தைச் சொல்லும் மாமனார் போலக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார். அவருடைய டயருக்கு 20 போதும். 30-ஐத் தாண்டக் கூடாது என்று டயரின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறது. மீதி 120-ஐ என்ன செய்வது என்று யாரும் கேட்டதில்லை.

இங்கேதான் அவருக்கு ஒரு சோதனை. பந்தய சைக்கிளின் ஒல்லி டயருக்கு அழுத்தம் நிறைய வேண்டும், காற்று கொஞ்சம் போதும். குண்டு டயரின் கதை தலைகீழ்: அழுத்தம் கொஞ்சம், காற்றோ பத்துப் பதினைந்து மடங்கு. பம்புக்குள் இருக்கும் சிலிண்டரோ கட்டை விரல் அளவு. அழுத்திப் பிடிக்க அதற்குத் தெம்பு உண்டு, அள்ளிக் கொடுக்கக் கை சிறிது. எனவே நிமிடக்கணக்கில் ‘டர்ர்ர்’ அடித்துக்கொண்டே இருக்கும். அழுத்த அழுத்தக் காற்று சூடேறி, குழாயின் பித்தளை முனை கொதிக்கும். “தொடாதீங்க, சுட்டுடும்” என்று வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை எச்சரித்துவிட்டு, அதைத் தானே தொட்டு, விரலை உதறிக்கொள்வார்.

சாலைக்கு 22, மழை நாளுக்கு 18, மணலுக்கு 8. இது அவருடைய பஞ்சாங்கம். மணலுக்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை கோவளம் போவார். கடற்கரை ஓரத்தில் சைக்கிளை நிறுத்தி, வால்வை அமுக்கி, ‘உஸ்ஸ்’ என்று 22-ஐ 8-க்கு இறக்குவார். அலை வரைக்கும் ஒரு நடை ஓட்டுவார். திரும்பி வந்து உட்கார்ந்து, 8-ஐ மறுபடி 22-க்கு ஏற்றுவார். முகத்தில் அப்போது தெரியும் நிறைவைப் பார்த்தால், கடலுக்காக வந்தவராகத் தெரியாது.

தினமும் அளந்து பார்ப்பதில்தான் சங்கடம். குழாயைத் திருகி மாட்டும்போதும் கழற்றும்போதும் கொஞ்சம் காற்று நழுவிவிடும். நேற்று 22 இருந்தது இன்று 21.5 ஆகியிருக்கும். எங்கோ கசிகிறது என்று சந்தேகப்பட்டு, ஏற்றிவிட்டு, உறுதி செய்துகொள்ள இன்னொரு தரம் மாட்டிப் பார்ப்பார். அதில் அரை போகும். அவர் டயரில் ஓட்டை கிடையாது. அவர்தான் ஓட்டை.

தம் சைக்கிளோடு நிற்கிறவரும் அல்லர். பார்க்கிங்கில் நிற்கும் எந்த டயரையும் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார். பிள்ளைகளின் கால்பந்துக்கு ஊசி வைத்திருக்கிறார். எதிர்வீட்டுக் காருக்கு 33 வைத்துக் கொடுத்தார். ஒருநாள் பேப்பர் போடுகிறவரையே மடக்கினார்.

“நில்லுப்பா. பின் டயர்ல எவ்வளவு இருக்கு?”

“இருக்கு சார்.”

“இருக்குன்னா? எவ்வளவு?”

பேப்பர்காரர் குனிந்து, விரலால் அமுக்கி, “நாளைக்கு வரைக்கும் தாங்கும் சார்” என்றார். விடுவாரா? பையிலிருந்து ஒரு இணைப்பை எடுத்து, பழைய சைக்கிள் வால்வில் பொருத்திவிட்டார். திரையில் பூஜ்யம் தெரிந்தது. டயரோ கெட்டியாக நிற்கிறது. அந்தக் காலத்து வால்டியூப் காற்றை உள்ளே மட்டும்தான் விடும். வெளியே இருக்கிற மீட்டருக்கு மூச்சுக்கூடக் காட்டாது. 1888-இல் பெல்பாஸ்ட்டில் டன்லப் தம் மகனின் மூன்று சக்கர வண்டிக்குக் காற்று டயர் போட்ட கதையில் ஆரம்பித்து சார் விளக்கி முடிப்பதற்குள், பேப்பர்காரர் அடுத்த பிளாக்கையும் முடித்துவிட்டார்.

நிஜமான பஞ்சரும் ஒரு தடவை வந்தது, தரமணிச் சாலையில். ஆணி இன்னும் டயரிலேயே இருந்தது. சார் 22 அடித்தார். அடுத்த நிறுத்தத்துக்குள் இறங்கிவிட்டது. மறுபடி அடித்தார். இப்படியே தவணை முறையில் பஞ்சர் கடை வந்து சேர்ந்தபோது பம்பில் சார்ஜ் தீர்ந்திருந்தது. கடைக்காரர் பின் சக்கரத்தில் இருந்த மோட்டார் ஒயரைப் பார்த்தார். சக்கரத்தைக் கழற்றவே இல்லை. ஒரு பக்கம் மட்டும் டயரை நெம்பி, டியூபை உருவி, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வந்த இடத்தில் ஒட்டுப் போட்டார். கம்ப்ரஸர் குழாயை வைத்தார், எடுத்தார். விரலால் ஒரு தட்டு.

“எத்தனை வச்சீங்க?”

“போதுமானது வச்சிருக்கேன் சார்.”

அன்று ராத்திரி பம்புக்கு சார்ஜ் ஏறும்வரை அவர் தூங்கவில்லை. ஏறியதும் இறங்கிப் போய் மாட்டினார். 26 காட்டியது. நாலு அதிகம்! வீட்டுக்குள் வந்து மனைவியை எழுப்பிச் சொன்னார். அப்படி ஒரு மகிழ்ச்சி.

மறுநாள் காலை அம்மையார் அடுப்படியிலிருந்து கேட்டார்: “ஏங்க, அதான் காத்தெல்லாம் சரியா இருக்குதே. சைக்கிளை எடுத்துட்டுப் போய் ஒரு கொத்து கறிவேப்பிலை வாங்கிட்டு வந்துடுங்களேன்.”

“இப்பதான் 22 வச்சேன். ஓட்டினா டயர் சூடாகும். சூடானா ரீடிங் மாறிடும்.”

சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, கறிவேப்பிலைக்கு நடந்தே போனார். டாக்டர் சொன்னதும் அதுதானே!