ஜக்கும் நாக்கும்: கொலனோஸ்கோபிக்கு முந்தைய இரவு பற்றிய ஓர் ஆய்வு

பெருங்குடலைக் கேமராவால் பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு முதல் நாள் மனிதன் படும் பாட்டைக் கழிப்பறையோடு மட்டும் தொடர்புபடுத்தி வந்தது ஆய்வுலகத்தின் அவசரம். வெளியே போவது தானாக நடக்கும். உள்ளே போக வைப்பதுதான் வேலை என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

வரலாற்றுப் பின்னணி இல்லாமல் ஆய்வு ஏது? நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு எடுக்கச் சொல்கிறது தேரையர் பெயரில் வழங்கும் சித்த மருத்துவப் பாடல். விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு பேரப்பிள்ளைகளைத் துரத்திய பாட்டிகள் அந்த மரபின் களப்பணியாளர்கள். 1980இல் அமெரிக்காவில் ஃபோர்ட்ரான் குழுவினர் பாலிஎத்திலீன் கிளைக்காலை உப்புகளோடு கரைத்துக் கொடுத்தார்கள். குடல் இதை உறிஞ்சாது. இது தண்ணீரையும் விடாமல் பிடித்துக்கொண்டு, ஏறக்குறைய ஐந்தடிப் பெருங்குடலைக் கழுவியபடி இறங்கும். அன்று 4 லிட்டர். இன்று நம்மூரில் பெரும்பாலும் 2 லிட்டர். இது முன்னேற்றம் என்பதை முதல் டம்ளர் வரை எல்லோரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

குடிப்போர் இரு வகையினர். மூக்கைப் பிடித்து மடக்மடக்கென்று கவிழ்ப்போர் 'மூச்சடக்கிகள்'. இவர்களுக்குக் குமட்டலும் வயிற்று உப்புசமும் உறுதி. வாயில் வைத்துவிட்டு யோசிப்போர் 'உறிஞ்சிகள்'. இவர்களுக்கு விடிந்தாலும் ஜக்கு தீராது. டாக்டர்கள் சொல்லும் கால்மணிக்கொரு டம்ளர் இரண்டுக்கும் நடுவழி. ஃபிரிட்ஜில் வைத்து, ஸ்ட்ராவை நாக்கின் உட்பக்கம் செலுத்தி உறிஞ்சினால் உவர்ப்பு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் சில்லென்று இவ்வளவு உள்ளே போனால் உடம்பு நடுங்கும். அக்னி நட்சத்திரத்திலும் போர்வை தேவை. குமட்டினால் அரைமணி நேரம் நிறுத்தி, கொஞ்சம் நடந்துவிட்டு மெதுவாகத் தொடரலாம். வாந்தி நிற்காவிட்டாலோ, மயக்கமோ கடும் வலியோ வந்தாலோ ஆய்வை நிறுத்திவிட்டு டாக்டருக்குப் போன் போட வேண்டும். சர்க்கரைக்கும் ரத்தம் உறையாமலிருக்கவும் மாத்திரை போடுவோர் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

இடையிடையே இளநீர், வடிகட்டிய எலுமிச்சை ஜூஸ் உண்டு. சிவப்புப் பானம் கூடாது. கேமராவுக்கு அது ரத்தம்போலத் தெரியும். அன்று வரும் தலைவலிக்குப் பசியைக் குற்றம் சொல்வார்கள். பாதிக் குற்றவாளி வராமல் போன காபி. பால் விடாத டிகாஷனுக்கு அனுமதி உண்டு என்றாலும், அதைக் காபி என்று ஏற்பதில் தஞ்சைத் தரப்பினருக்குக் கருத்து வேறுபாடு நீடிக்கிறது.

நூல்கள் போதிய கவனம் தராத உறுப்பு ஒன்று உண்டு. நாலைந்து நடைக்குப் பிறகு அங்கே மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். பேப்பரால் தேய்க்காமல் தண்ணீரால் கழுவி, பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேங்காய் எண்ணெயை முதல் நடைக்கு முன்பே தடவியவர் ஞானி. பின்பு தடவியவர் அனுபவசாலி. பட்டினி கிடப்பவரை நினைத்து வீட்டாரும் அன்றிரவு வெங்காயம் தாளிக்காமல் இருப்பது மனிதாபிமானம்.

வெளியே வருவது தெளிந்த மஞ்சள் நீரானால் தயார். மறுநாள் மதிப்பெண்ணும் உண்டு: பாஸ்டன் அளவுகோலில் பெருங்குடலின் மூன்று பகுதிகளுக்கும் அதிகபட்சம் தலா 3, மொத்தம் 9. எந்தப் பகுதியிலும் 2க்குக் குறையக் கூடாது. கடைசி டம்ளரை வாஷ்பேசினில் ஊற்றிவிடலாமா என்று பார்ப்பவர்கள் கவனிக்க: குடல் சரியாகச் சுத்தமாகவில்லை என்றால், இன்னொரு நாள் குறித்து மறுபடியும் முழு ஜக்கையும் குடிக்கச் சொல்வார்கள்.