ஒரு தரம், ரெண்டு தரம், கிளிக்!

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் விற்கிறீர்கள். கூகுளில் விளம்பரம் கொடுத்தால் போன் அடித்துக்கொண்டே இருக்கும் என்று மைத்துனர் சொல்லிவிட்டார். கையில் 30,000 ரூபாய் இருக்கிறது. ஒரு கிரைண்டர்கூட விற்காமல் இதைப் பத்தே நாளில் கரைக்க வேண்டும். பலர் தாமாகவே கற்றுத் தேர்ந்த கலைதான். இருந்தாலும் முறையாகச் சொல்லித்தருகிறேன்.

கீவேர்டாக ‘கிரைண்டர்’ என்ற ஒற்றைச் சொல்லைப் போடுங்கள். கொஞ்சம் தொடர்பிருந்தாலே விளம்பரத்தைக் காட்டிவிடும் ‘பிராட் மேட்ச்’ தானாகவே அமைந்திருக்கும், கை வைக்காதீர்கள். இரும்பு அறுக்க ஆங்கிள் கிரைண்டர் தேடுபவர், காபிக்கொட்டை அரைக்கப் பார்ப்பவர், பெல்ட் அறுந்தவர், எல்லாரும் வருவார்கள். கிட்டத்தட்ட அதே உச்சரிப்பில் ஒரு டேட்டிங் செயலியும் உண்டு; அதைத் தேடியவர் உங்கள் 2 லிட்டர் டில்டிங் மாடலை ஒரு கணம் வெறித்துவிட்டுப் போவார். ஒவ்வொரு கிளிக்குக்கும் உங்கள் காசு போகும். ‘ரிப்பேர்’, ‘செகண்ட் ஹேண்ட்’, ‘காபி’ என்று நெகட்டிவ் கீவேர்டு போட்டால் இந்தக் கூட்டம் கலைந்துவிடும், ஜாக்கிரதை. யார் எதைத் தேடி வந்தார் என்று காட்டும் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதைத் திறந்தால் தூக்கம் போய்விடும்.

அடுத்தது ஏலம்: தேடல் பக்கத்தில் மேலே நிற்க, ஒரு கிளிக்குக்கு எவ்வளவு தருவீர்கள் என்ற போட்டி. இதற்கு மூலதனம் வீம்பு.

1998இல் பில் கிராஸின் கோடூ நிறுவனம் இந்தத் தேடல் ஏலத்தைத் தொடங்கியபோது, கேட்ட விலையை அப்படியே கட்ட வேண்டும். ஆளுக்கு ஒரு சென்ட் ஏற்றிக்கொண்டே போவார்கள், கட்டுப்படியாகாத இடத்தில் ஒருவர் பொத்தென்று இறங்குவார், மறுபடி ஏறுவார்கள். 2002இல் கூகுள் கிளிக் ஏலத்துக்கு வந்தபோது விளம்பரத்தின் தரத்தையும் கணக்கில் சேர்த்தது. எளிமையாகச் சொன்னால்: நீங்கள் 50 ரூபாய் கேட்கிறீர்கள், தரம் 4, பெருக்கினால் 200. எதிர்க்கடைக்காரர் 30 ரூபாய்தான் கேட்கிறார், ஆனால் தரம் 8, ஆக 240. மேலே நிற்பவர் அவர். கட்டுவதும் உங்கள் 200ஐத் தாண்டப் போதுமான 25 ரூபாய்க்குச் சற்றே மேல்தான். அவரைத் தாண்ட நீங்கள் 60க்கு மேல் கேட்க வேண்டும். தேடிய பொருளையே விளம்பரத்தில் சொல்லி, கிளிக் செய்தவரை அந்த மாடலின் பக்கத்திலேயே இறக்கிவிட்டால் தரம் ஏறும் என்பார்கள். அது ஒரு வார வேலை. 50ஐ 65 ஆக்க ஒரு விரல் போதும்.

இங்கே ஒரு ஆபத்து. பேப்பரும் பேனாவும் பக்கத்தில் இருந்தால் மறைத்துவிடுங்கள். ஒரு கிரைண்டருக்கு லாபம் 1,500 ரூபாய், ஐம்பது பேர் கிளிக் செய்தால் ஒருவர் வாங்குவார் என்றால், ஒரு கிளிக்குக்கு 30 ரூபாய்க்கு மேல் கொடுப்பது கைக்காசு என்று யாராவது கணக்குப் போட்டுவிடுவார்கள். எதிர்க்கடைக்காரர் போட்டிருப்பார். அவருக்கு முதலிடம் முக்கியமில்லை போலும்.

உங்கள் கடைப் பெயருக்கே ஏலம் கேட்க மறக்காதீர்கள். 2012இல் இணையச் சந்தையான இபே தன் சொந்தப் பெயருக்கான விளம்பரங்களை நிறுத்திப் பார்த்தது. வரவேண்டியவர்கள் கிட்டத்தட்ட எல்லாரும் கீழே இலவசமாகக் கிடந்த இணைப்பு வழியே வந்துவிட்டார்கள். போகட்டும், அது அமெரிக்கா.

பட்ஜெட் விஷயம். தினம் 1,000 ரூபாய் என்று போட்டால் கூட்டமுள்ள நாளில் கூகுள் 2,000 வரைகூடச் செலவழிக்கும். ஆனால் மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது. நம் நோக்கத்துக்கு அந்தக் காவல் இடைஞ்சல். ‘சும்மா பார்ப்போம்’ என்று 3,000 போட்டுவிடுங்கள்.

கடைசியாக, ஏலத்தைக் கூகுளின் இயந்திரத்திடமே ஒப்படைத்து, எது விற்பனை என்று அதற்குத் தப்பாகச் சொல்லிக்கொடுங்கள். ‘தொடர்புக்கு’ பக்கத்தைத் திறந்தாலே விற்பனை என்று குறித்துவிட்டால், அந்தப் பக்கத்தைத் திறப்பவர்களாகவே தேடிப்பிடித்துக் கூட்டிவரும். சொன்ன பேச்சைத் தட்டாத பிள்ளை. அறிக்கையில் கோடு ஜிவ்வென்று ஏறும். மைத்துனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பலாம்.

பத்தாம் நாள் சாயங்காலம் போன் அடிக்கும்.

“ஏங்ணா, கிரைண்டருக்குக் கல்லு கொத்திக் குடுப்பீங்களாங்க?”