ஆல்ட்டர் அண்ணன்

கோயம்புத்தூரில் செகண்ட்ஸ் கார் தேடுகிறவர் எத்தனை கன்சல்டிங் ஏறி இறங்கினாலும், ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆல்ட்டர் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றே தீரவேண்டும். விலாசம் தேவையில்லை. சைலன்சரைக் கழற்றி எறிந்துவிட்டு அவர் மாட்டியிருக்கும் குழாய் மூன்று தெருவுக்கு முன்னாலேயே வழி சொல்லிவிடும்.

அண்ணனுக்கு வயது முப்பத்தைந்துக்குள். லேத் பட்டறையோ பம்ப்செட் உதிரிபாக வியாபாரமோ வைத்திருப்பார். ஊரும் லேசுப்பட்ட ஊர் இல்லை. மாருதி 800 இன்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் காரைக் கட்டிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். செட்டிபாளையத்தில் அவர் பெயரில் பந்தயத் தடமே இருக்கிறது. அதனால் தன்னுடைய 2014 மாடல் டீசல் ஸ்விஃப்ட்டுக்கும் அந்த ரத்தத்தில் பங்குண்டு என்பது அண்ணனின் நம்பிக்கை. ‘டிராக்ல ஓட்டியிருக்கீங்களா?’ என்று கேட்டால், ‘டிராக்குக்குப் போயிருக்குதுங்ணா, பார்க்கிங்ல நின்னுச்சு’ என்பார். பொய் சொல்லாத மனிதர்.

வண்டியை ஏன் விற்கிறார்? வீட்டில் பாப்பா பிறந்திருக்கிறது. அவர் கேட்டுக்குள் நுழையும்போதெல்லாம் குழந்தை வீறிட்டு எழுந்துகொள்கிறது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்வார்கள். வண்டி தாழ்வாக நிற்க வேண்டுமென்று ஸ்ப்ரிங்கை அறுத்துவிட்டதால், ஸ்பீடு பிரேக்கர் வந்தால் மாமியார் இறங்கி நடக்க வேண்டியிருக்கிறது. குடும்பம் கூடிப் பேசி ஒருமனதாகத் தீர்மானம் போட்டுவிட்டது.

விலை பேசும் கட்டம்தான் பார்க்க வேண்டியது. அண்ணன் ஒரு ஃபைலை எடுத்து வருவார். உள்ளே பில்கள்.

‘ஸ்டாக் வண்டி மூணேகால் போகுதுங்ணா. நான் மேல ஒண்ணேமுக்கால் செலவு பண்ணியிருக்கறேன். ஒரு ரூபா சேர்த்துச் சொல்லல. அஞ்சுன்னு வெச்சுக்கங்க.’

எதிரே நிற்பவரும் மனதுக்குள் கணக்குப் போடுகிறார். ஸ்ப்ரிங் நாலையும் மாற்ற வேண்டும், சைலன்சர் வாங்க வேண்டும், வயரிங்கைப் பிரித்துப் புதிதாக இழுக்க வேண்டும். அண்ணன் கூட்டுகிற ஒவ்வொரு அயிட்டத்தையும் அவர் கழித்துக்கொண்டே வருகிறார். இரண்டு பேர் கணக்கும் சரிதான். ஆசைக்குச் செய்த செலவை அடுத்தவன் ஏன் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் அண்ணனுக்கு இதுவரை விளங்கவில்லை.

இன்ஜின் பேச்சை எடுத்தால் அண்ணன் முகம் மலர்ந்துவிடும். ஃபியட் வடிவமைத்த 1.3 லிட்டர் டீசல் அது. ஸ்விஃப்ட்டிலும் இருந்தது, இண்டிகா விஸ்டாவிலும் இருந்தது, புன்ட்டோவிலும் இருந்தது; 2020-இல் பி.எஸ்.6 புகை விதி வந்ததும் மாருதி அதைக் கைவிட்டது. கம்பெனி கொடுத்தது 75 குதிரை. ‘ரீமேப் பண்ணி நூறுக்கு மேல கொண்டுபோயிட்டமுங்ணா.’ இன்ஜினை ஆட்டிவைக்கும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றியதில் குதிரை கூடியது. கிளட்ச் பிளேட் பழைய குதிரைகளுக்குச் செய்தது. மேட்டில் நாலாவது கியரில் மிதித்துப் பாருங்கள், இன்ஜின் உறுமும், வண்டி யோசிக்கும். ‘கம்பெனி ஃபைல் வெச்சிருக்கறீங்களா, திருப்பி ஏத்திக்கலாமே?’ என்று கேட்டால், ‘ஏத்திவிட்ட பையன் லேப்டாப்ல இருந்துச்சுங்ணா. அவன் கனடா போயிட்டான்’ என்பார்.

சக்கரத்தின் சங்கதி அதைவிட ருசியானது. கம்பெனி டயர் 185/65 ஆர்15. அண்ணன் போட்டிருப்பது 205/60 ஆர்16. பார்க்கக் கம்பீரம்தான், ஆனால் டயரின் விட்டம் 5 சதவீதம் கூடிவிட்டது. சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. மீட்டருக்கு அது தெரியாது. நிஜத்தில் 100-இல் போகும்போது முள் 95-இல் நிற்கும். ‘வெறும் 80,000 கிலோமீட்டர்தானுங்ணா’ என்று அவர் காட்டுகிற மீட்டரில், வாங்கிய நாள் முதல் இந்த டயர் ஓடியிருந்தால், உண்மையில் 84,000. கருவியைத் திருத்தாமலேயே ஓட்டத்தைக் குறைத்த ஒரே வித்தகர்.

இதையெல்லாம் நான் மன்னித்துவிடுவேன். டயரை மாற்றினால் தீர்ந்தது. மன்னிக்க முடியாதது வயரிங். கூடுதல் விளக்கு, ஆம்ப்ளிஃபையர், ஏர் ஹாரன் என்று எதை மாட்டினாலும் கம்பெனி வயரை நடுவில் சுரண்டி, முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருப்பார்கள். ஃபியூஸ் இல்லை, ரிலே இல்லை. தீப்பிடிக்கிற சங்கதி இங்கேதான் இருக்கிறது. இடது இண்டிகேட்டர் போட்டால் பாட்டு நின்றுவிடும். அண்ணன் அசரமாட்டார்: ‘திரும்பறப்ப பாட்டு எதுக்குங்ணா?’

இவருக்கு நேர் எதிர் பாலிதீன் மாமா. ஷோரூமில் சீட்டுக்குப் போட்ட பாலிதீன் உறையைப் பத்து வருஷமாகக் கழற்றாதவர். சர்வீஸ் பில்லெல்லாம் தேதி வாரியாகக் கோத்திருப்பார். ஸ்டிக்கர்கூட ஒட்டாத சுத்த ஸ்டாக் வண்டி. ஆனால் ஓடாமல் நின்றே கிழமான வண்டி. டயரின் ஓரத்தில் 2214 என்று இருக்கிறது பாருங்கள். 2014-ஆம் வருஷம் 22-வது வாரம் செய்தது என்று அர்த்தம். பட்டன் தேயவில்லை, ரப்பர் கல்லாகிவிட்டது. பானெட்டுக்கு உள்ளே ஓர் எலிக்குடும்பம் மூன்று தலைமுறை கண்டிருக்கும். இருந்தாலும் மாமாவின் குறைகள் மலிவானவை. டயரும் பேட்டரியும் போட்டால் வண்டி ஊர் போய்ச் சேரும்.

இந்த இருவரையும்விட நான் அஞ்சுவது திருந்திய அண்ணனுக்கு. புரோக்கர் பேச்சைக் கேட்டு, மாட்டியதையெல்லாம் கழற்றித் தனித்தனியாக விற்றுவிட்டு, பழையதைப் பூட்டி, ‘பக்கா ஸ்டாக், கம்பெனி ஃபிட்டிங்’ என்று நிறுத்துகிறவர். பம்பரில் திருகாணி ஓட்டை, டிக்கியில் கார்பெட் அறுத்த அடையாளம், வீல் ஆர்ச்சில் பழைய டயர் உரசிய தேய்மானம், எங்கும் போய்ச் சேராமல் தொங்கும் சிவப்பு வயர் என்று தடயம் கொஞ்சம் இருக்கும். இன்ஜின் கம்ப்யூட்டருக்குள் ஏற்றிய ரீமேப்புக்குக் கண்ணில் படுகிற அந்தத் தடயமும் கிடையாது. நிஜ அண்ணனாவது பட்ட செலவைப் பெருமையாகச் சொல்லிவிடுவார். இவர் வாயே திறக்கமாட்டார்.

சட்டம் பற்றி அண்ணனிடம் பேசினால் ‘யாருங்ணா பிடிக்கறாங்க?’ என்பார். கறுப்பு ஃபிலிமை உச்சநீதிமன்றம் 2012-இலேயே தடுத்தது. முன்பக்க இரும்புக் கம்பியைக் கழற்றச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் கேரள வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டுத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். ஆர்.சி.யில் வெள்ளை என்று இருக்கிறது, வாசலில் நிற்பதோ மங்கிய கறுப்பு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்த மாற்றத்தால், விபத்து நடந்த பிறகு க்ளெய்ம் நிராகரிக்கப்படவும் வழியுண்டு.

அப்படியும் அந்த வண்டிமேல்தான் மனசு நிற்கிறது என்றால், வாங்குங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன் மெக்கானிக்கையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப்போங்கள். கழற்றி வைத்த கம்பெனி பார்ட்ஸ் எங்கே என்று கேளுங்கள். சாக்கில் கட்டி மொட்டைமாடியில் வைத்திருந்தால் விலை பேசலாம். ‘பழைய இரும்புக்குப் போட்டுட்டேனுங்ணா’ என்றால் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள். ஃபார்ம் 29, 30-இல் கையெழுத்தாகிப் பெயர் மாறிய பிறகு, அவிநாசி ரோட்டில் வண்டியை ஓரங்கட்டுகிற போலீஸ்காரர் ஆல்ட்டர் அண்ணனைத் தேடிப் போகமாட்டார்.