பெட்டிக்கு ஒரு நியாயஸ்தர்

மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸிலிருந்து கும்மிடிப்பூண்டிக்குக் கிளம்பும் காலை லோக்கலில், பெட்டிக்கு ஒரு நியாயஸ்தராவது இருப்பார். வயது ஐம்பதைத் தொட்டிருக்கும். சிப்காட்டில் ஏதோ ஒரு ரோலிங் மில்லில் சூப்பர்வைசர். கழுத்தில் ஐ.டி. கார்டு தொங்கும், டிபன் பை மட்டும் மடியில் இருக்காது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்கும்.

எதிரே ஒரு பையன் நண்பனுக்காகக் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தால் இவருக்குப் பொறுக்காது. "ரயில் என்ன உங்க வீட்டுத் திண்ணையா, தம்பி?" என்பார். அப்படியானால் அந்த டிபன் பை? அது வேறு விஷயம். திருவொற்றியூரில் ஏறப்போகிறவருக்கு முட்டி வலி.

பீகார்ப் பையன் ஊருக்கு வீடியோ கால் பேசினால், "பப்ளிக்ல எப்படி இருக்கணும்னே தெரியல." இவர் ஸ்பீக்கரில் மைத்துனரோடு மனைப் பத்திரம் பேசுவது மீஞ்சூர் வரை கேட்கும். டாக்டர் போனைக் காதில் வைக்க வேண்டாம் என்றிருக்கிறாராம். அந்த மைத்துனருக்கே குறள் 190-ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பியவரும் இவர்தான். பிறர் குற்றத்தைப் பார்க்கிற மாதிரி தன் குற்றத்தையும் பார்க்கச் சொல்லும் குறள் அது. மைத்துனர் திருந்த வேண்டும் என்ற நல்லெண்ணம்!

தேசிய நெடுஞ்சாலை 16-இல் ராங் சைடில் வருகிறவனெல்லாம் சாவுகிராக்கி. இவர் வரும்போது மட்டும் குற்றம், யூ-டர்னை அவ்வளவு தூரத்தில் வைத்த என்ஜினியருடையது.

இந்த ஆசாமியை உளவியலாளர்கள் எப்போதோ அளந்துவிட்டார்கள். தன் செயலுக்குச் சூழ்நிலையையும் அடுத்தவன் செயலுக்குக் குணத்தையும் காரணமாகச் சொல்வது மனித சுபாவம் என்று 1971-இல் எட்வர்ட் ஜோன்ஸும் ரிச்சர்ட் நிஸ்பெட்டும் எழுதினார்கள். 2006-இல் பெர்ட்ராம் மாலே 173 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார். மொத்தத்தில் அந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. ஆனால் கெட்டது நடக்கும்போது அது தலைகாட்டுகிறது. நல்லது நடக்கும்போது தலைகீழாகிறது.

அமெரிக்காவுக்குப் போகாமலே மாலே சொன்னதை நம்மவரிடம் பார்க்கலாம். இவருடைய ஷிப்டில் டார்கெட் முடிந்தால், "நான் கொண்டுவந்த டிசிப்ளின்." அடுத்த ஷிப்டில் முடிந்தால், "அவனுக்கு மிஷின் மக்கர் பண்ணல." தன் ஷிப்டில் முடியாவிட்டால் பில்லட் இரும்பு சரியில்லை. அடுத்த ஷிப்டில் முடியாவிட்டால் ஆள் சரியில்லை.

ஜோன் மில்லர் என்ற ஆய்வாளர் சிகாகோக்காரர்களையும் மைசூர்க்காரர்களையும் ஒப்பிட்டு 1984-இல் ஒரு கட்டுரை எழுதினார். அடுத்தவர் செய்த தவறுக்கு அமெரிக்கர்கள் அவர் குணத்தைக் காரணம் காட்ட, மைசூர்ப் பெரியவர்கள் அவர் நிலைமையையும் கடமையையும் அதிகம் பேசினார்கள். கேட்கப் பெருமையாக இருக்கிறது. நம்மவரிடமும் அந்த இரக்கம் உண்டு, ஆனால் ரேஷன் முறையில். தனக்கு முழு அளவு, மனைவி வழி உறவுக்குப் பாதி, பொன்னேரிக்காரனுக்குக் கொஞ்சம், ஒடிசாவிலிருந்து வந்தவன் கவுன்டருக்கு வருவதற்குள் ஸ்டாக் தீர்ந்துவிடும்.

ஒரு நாள் லோக்கல் தாமதம். ஏன் தாமதம் என்று இவரைக் கேட்டால் ஒரு வகுப்பே எடுப்பார்: இதே தடத்தில்தான் டெல்லிக்கும் ஹவுராவுக்கும் போகும் எக்ஸ்பிரஸ்கள் ஓட வேண்டும், கூட்ஸும் ஓட வேண்டும், லோக்கலை ஓரங்கட்டினால் பயணி என்ன செய்வான்? எல்லாம் உண்மைதான். பஞ்சிங்கில் சிவப்பு விழுந்ததும், அதையே 'தவிர்க்க இயலாத காரணத்தால்' என்று தொடங்கி ஹெச்.ஆருக்கு எழுதிக் கொடுத்தார்.

அதே பேனாவால் அடுத்த தாளில், காண்ட்ராக்டில் வேலை செய்யும் ஒடிசாப் பையனுக்கு மெமோ. காரணம்: பொறுப்பின்மை.

"சார், டிரெயின் லேட்."

"லேட்டாகும்னு தெரியுதுல்ல பையா, முந்தின வண்டியில வரணும்."

பையனுக்கு இதற்குள் தமிழ் நன்றாகவே வந்திருந்தது. "சார், நீங்களும் அந்த வண்டிதானே?"

நியாயஸ்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நான் வேற பெட்டி."