விரல் தொடட்டும், குதிகால் எழாதிருக்கட்டும்
(வாசகர் கேள்வி–பதில்: ஸ்கிபோர்டு)

கேள்வி: ஸ்கிபோர்டு ஸ்கீயா, ஸ்னோபோர்டா? எதற்குரிய பூட்ஸைத் தேடுவது?
– டொராண்டோ வாசகர்

பதில்: காலுக்கு ஒரு பலகை, ஆகவே ஸ்கீ வம்சம்தான். நீளம் மட்டும் ஒரு மீட்டரை ஒட்டி நின்றுவிடும். கையில் கோல்களும் தேவையில்லை. ஆஸ்திரியாவின் க்னைஸ்ல் நிறுவனம் 1990-களில் விற்ற 'பிக் ஃபூட்' பலகையின் முனையைக் கால்விரல்கள் போலவே வெட்டியிருந்தார்கள். ஸ்கீ வம்சம் என்பதால் சாதாரண ஸ்கீ பூட்ஸ் போதும். ஸ்னோபோர்டு பூட்ஸ்தான் வேண்டும் என்றால் அதற்கென உள்ள பைண்டிங்கை, அதாவது பூட்ஸைப் பலகையோடு பூட்டும் பிடியை, தனியாகப் பொருத்த வேண்டும். மலையேற்ற ஷூவோடு போய் நிற்காதீர்கள், பைண்டிங் உங்களை ஏற்காது.

கேள்வி: "ஒரு சைஸ் பெருசா எடு, வளர்ற கால்" என்பார் அம்மா. எனக்கு வயது 34. இப்போதும் அப்படியே வாங்கலாமா?
– சென்னை வாசகர்

பதில்: வளர்த்தி நின்றாலும் அம்மாவின் அக்கறை நிற்காது. ஆனால் இந்த ஒரு பொருளில் மட்டும் அவர் பேச்சை மீறிவிடுங்கள்.

ஸ்கீ பூட்ஸின் அளவு பாதத்தின் நீளம்தான், சென்டிமீட்டரில். சுவரில் குதிகாலை ஒட்டி நின்று அளந்தால் 26.5 வருகிறதா? 26.5 கேளுங்கள். கடையில் முதல் வேலை, உள்ளே இருக்கும் லைனரை உருவி வெளியே எடுப்பது. வெறும் பிளாஸ்டிக் ஓட்டுக்குள் காலை விட்டு, கட்டைவிரல் முன்பக்கத்தை லேசாகத் தொடுமாறு நகர்த்துங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி, அதாவது ஒன்றிரண்டு விரல் நுழைந்தால் சரி. மூன்று விரல் தாராளமாகப் போனால் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிறகு லைனரை மாட்டி, பக்கிள்களைப் பூட்டி எழுந்து நில்லுங்கள். விரல் முன்னால் முட்டும். இங்கேதான் பாதிப் பேர் பயந்துபோய் அடுத்த சைஸுக்குத் தாவுகிறார்கள். பொறுங்கள்! முழங்காலை மடக்கி, முன்னங்கால் எலும்பு பூட்ஸின் நாக்கை அழுத்தும்படி சாயுங்கள். குதிகால் பின்னால் போய் அமரும், விரல்களுக்கு மூச்சு வரும். அந்த நிலையில் குதிகால் மேலே எழக் கூடாது. எழுந்தால் பெரிய சைஸ்.

இதில் நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கக் காரணம் உண்டு. குட்டைப் பலகையில் முன்னாலும் பின்னாலும் தாங்க நீளம் கிடையாது. பின்னால் சாய்ந்தால் பனியில் உட்கார வேண்டியதுதான். திரும்புவதெல்லாம் கணுக்காலும் முன்னங்காலும் செய்கிற வேலை. பூட்ஸ் தொளதொளவென்றிருந்தால் கால் முதலில் திரும்பும், பலகை யோசித்துவிட்டுத் திரும்பும். அதைச் சரிக்கட்டப் பக்கிளை இறுக்குவீர்கள். மேல்பாதம் நசுங்கி மரத்துப்போகும். வலி அனேகமாக வருவது பெரிய பூட்ஸால்தான்.

கேள்வி: குளிருக்கு இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸ்?
– சூரிச் வாசகி

பதில்: ஒன்றே ஒன்று, மெல்லியது, முழங்கால் வரை நீண்டது. இரண்டு போட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு இன்னும் குளிரும். மடிப்பு விழாமல் இழுத்துவிடுங்கள். பேன்ட், தெர்மல் எதுவும் பூட்ஸுக்குள் போகக் கூடாது.

கேள்வி: பூட்ஸில் 70, 100, 130 என்று எண்கள். அதிகம் என்றால் உசத்தியா?
– கோவை வாசகர்

பதில்: அது ஃப்ளெக்ஸ், பூட்ஸ் எவ்வளவு விறைப்பு என்பதன் எண். 130 என்பது வேகமாகப் பாயும் பழகிய கால்களுக்கு. தொடக்கக்காரருக்கு 60 முதல் 90-க்குள் போதும். உடல் எடை கூடினால் எண்ணும் கூடலாம். ஒரு நிறுவனத்தின் 80 இன்னொன்றின் 80-க்குச் சமமில்லை, ஆகவே எண்ணை விட முழங்காலை நம்புங்கள். சாயும்போது கொஞ்சம் வளைந்து கொடுத்துத் தாங்க வேண்டும்.

கேள்வி: குல்மார்கில் வாடகைக்கு எடுக்கப் போகிறேன். அவசரத்தில் எதைப் பார்ப்பது?
– பெங்களூரு வாசகர்

பதில்: அவசரப்படாதீர்கள் என்பதுதான் முதல் பதில். பூட்ஸை மாட்டியபடி கடைக்குள்ளேயே கால் மணி நேரம் நில்லுங்கள், நடந்து பாருங்கள். எல்லாப் பக்கமும் சீராக அழுத்தினால் நல்லது. கணுக்கால் மொழியிலோ சுண்டுவிரல் ஓரத்திலோ ஒரே இடத்தில் குத்தினால் வேறு ஜோடி கேளுங்கள். பாதம் அகலமானால் அகலமான அச்சில் வார்த்த பூட்ஸ் இருக்கிறதா என்று விசாரியுங்கள், நீளத்தைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பல ஸ்கிபோர்டுகளில் விழுந்தாலும் கழலாத பைண்டிங் இருக்கும். பூட்ஸ் கச்சிதமாக இருக்க இருக்க, விழும்போது ஏற்படும் முறுக்கு முழுவதும் கால் எலும்புக்கே போகும். அதனால் "விழுந்தால் கழலுமா?" என்று கடைக்காரரைக் கேளுங்கள். கழலும் பைண்டிங் இருந்தால் அதையே எடுத்து, உங்கள் எடைக்கும் பூட்ஸின் அடிநீளத்துக்கும் ஏற்ப அவரையே சரிசெய்து தரச் சொல்லுங்கள். அவர் அலுத்துக்கொண்டால் அலுத்துக்கொள்ளட்டும்.

கேள்வி: கையில் இருக்கும் பணத்தில் பலகையோ பூட்ஸோ ஒன்றுதான் வாங்க முடியும்...
– டொராண்டோ வாசகர் (மீண்டும்)

பதில்: பூட்ஸ். பலகையை யாரிடமும் இரவல் வாங்கலாம்; லைனர் சூட்டில் இளகி அவரவர் காலுக்கு அமைவது. மாலையில் கடைக்குப் போங்கள், பாதம் சற்று வீங்கியிருக்கும் நேரம்.