ப்ளக் பாயின்ட் கேட்டால் திருட்டா?

திண்டுக்கல்லுக்கு ஒரு பெருமை சேர்ந்து மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது. யாரும் கொண்டாடக் காணோம். நானாவது சொல்லிவைக்கிறேன். 2023 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு புதிய மின்வாகனக் கொள்கையை வெளியிட்டது. ஆறு ஊர்களை மின்வாகன நகரங்களாக்குவோம் என்றது: சென்னை, கோவை, மதுரை, திருச்சி, சேலம், திருநெல்வேலி. நம் ஊர் பட்டியலில் இல்லை. மனம் தளர வேண்டாம். சேலத்தில் புறப்பட்டு மதுரைக்கோ திருநெல்வேலிக்கோ போகிறவர் நான்குவழிச் சாலையில் நம் ஊரை உரசிக்கொண்டுதான் போயாக வேண்டும். கொள்கை அவர்களுக்கு. பிரியாணியும் கழிப்பறையும் நாம் தர வேண்டும். மாநகராட்சி என்று 2014இல் போர்டு மாட்டிய ஊருக்கு இதைவிட என்ன கௌரவம் வேண்டும்?

சார்ஜரே இல்லை என்று அபாண்டமாகச் சொல்ல மாட்டேன். இருக்கிறது. பைபாஸ் ஓரத்து ஓட்டல் வாசல்களில், கொடைக்கானல் ஏறப்போகிற கார்களின் வசதிக்காக, பச்சைப் பெயின்ட் அடித்துக் கம்பீரமாக நிற்கிறது. ஊருக்குள்ளே என்ன நிலவரம் என்று பார்க்க ஆசைப்பட்டு, ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் போடுகிறவரிடம், “அண்ணே, இங்க சார்ஜ் போட வசதி இருக்கா?” என்று கேட்டேன். “செல்லுக்கா? எதிர்ல டீக்கடையில போடுவாங்க. பத்து ரூவா” என்றார். மின்சாரப் புரட்சி நம் ஊரில் அந்த டீக்கடை வரைக்கும் வந்திருக்கிறது.

சரி, பைபாஸுக்கே போவோம். பச்சைக் கட்டம் போட்ட இரண்டு இடம். ஒன்றில் மெஷினுக்கு உடம்பு சரியில்லை. அதன் மேல் குடும்ப பக்கெட் பிரியாணி ஆஃபர் ஃப்ளெக்ஸைப் போர்த்திப் படுக்கவைத்திருக்கிறார்கள். இன்னொன்றின் முன்னால் ஒரு டீசல் வண்டி நிற்கிறது. வாட்ச்மேனைக் கூப்பிட்டேன்.

“அண்ணே, இது சார்ஜ் போடுற இடம். அந்த வண்டியை எடுக்கச் சொல்லுங்க.”

“முதலாளிக்கு வேண்டியவங்க சார். சாப்பிட்டதும் எடுத்துருவாங்க.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“இப்பதான் சார் இலை போட்டிருக்கு.”

இலை எடுத்து, பீடா போட்டு, குழந்தைக்கு ஐஸ்கிரீம் வாங்கி அவர்கள் கிளம்பிய பிறகு நம் முறை. ஆப் இறக்க வேண்டும். ஓ.டி.பி. வர வேண்டும். அந்த ஆப்பின் வாலட்டில் முன்பணம் போட வேண்டும். ஐம்பது ரூபாய்க்கு ஏற்றிக்கொள்ள இருநூறு ரூபாயை அங்கே குடிவைக்க வேண்டும். மீதி அங்கேயே வாழும், அடுத்த ஊரில் வேறு கம்பெனி, வேறு ஆப், வேறு வாலட். பெட்ரோல் பங்க்கில் நூறு ரூபாய் நோட்டை நீட்டினால் நூறு ரூபாய்க்குப் போடுகிறார்கள். அங்கே யாரும் உன் மெயில் ஐ.டி. என்ன என்று கேட்டதில்லை.

டெல்லியில் இதற்கெல்லாம் விதி இருக்கிறது. விதிக்கு நம் நாட்டில் என்றைக்குப் பஞ்சம்? 2018 டிசம்பரில் மத்திய மின்துறை அமைச்சகம் வழிகாட்டுதல் போட்டது: நகரங்களில் மூன்றுக்கு மூன்று கிலோமீட்டர் கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு சார்ஜிங் நிலையம், நெடுஞ்சாலையில் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்று. 2019 பிப்ரவரியில் மாதிரிக் கட்டட விதிகளைத் திருத்தி, பார்க்கிங்கில் 20 சதவீதம் சார்ஜ் வசதியோடு இருக்க வேண்டும் என்றார்கள். 2024 செப்டம்பரில் புது வழிகாட்டுதல்: 2030க்குள் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலையில் 20 கிலோமீட்டருக்கு ஒன்று. நிலத்தில் எதுவும் முளைக்காவிட்டாலும் தாளில் கட்டம் மட்டும் வருடா வருடம் சிறிதாகிக்கொண்டே வருகிறது. 2024 பிப்ரவரிக் கணக்குப்படி நாடு முழுக்க இருந்த பொது சார்ஜிங் நிலையங்கள் 12,146. மகாராஷ்டிரத்தில் 3,079. தமிழ்நாட்டில் 643. ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கத்திலும் ராணிப்பேட்டையிலும் ஸ்கூட்டர் செய்து இந்தியாவுக்கே அனுப்புகிற மாநிலத்துக்கு இந்த எண்ணிக்கை. வண்டி செய்ய நம் கை வேண்டும்; ஓட்ட நம் ஊர் வேண்டாம்.

பணம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. 2019இல் மத்திய அரசு தொடங்கிய ஃபேம்-2 என்ற மின்வாகன ஊக்கத் திட்டத்துக்கு 10,000 கோடி, அதில் சார்ஜிங் வசதிக்கு மட்டும் 1,000 கோடி. 2024 அக்டோபரில் வந்த பி.எம். இ-டிரைவில் சார்ஜருக்கு 2,000 கோடி. இவ்வளவு கோடியைப் பிடித்துக்கொண்டு எந்த ப்ளக் போடுவது என்று முடிவெடுத்த அறிவாளிகளின் கதை தனி. 2017இல் பாரத் டி.சி. 001 என்று ஒரு தரத்தைக் கொண்டாடினார்கள். 15 கிலோவாட், சீன முறை ப்ளக். அரசாங்கமும் வாங்கி நட்டது. பிறகு சந்தைக்கு வந்த கார்களோ சி.சி.எஸ். 2 என்ற வேறு ப்ளக்கோடு வந்தன. நட்டது நட்டபடி நிற்க, கார் வந்தபடி போனது. இருசக்கர வண்டிக்கு ஒரு பொதுத் தரத்தை இந்தியத் தர நிர்ணய அமைப்பு ஏற்றதே 2023 அக்டோபரில்தான். அதற்குள் ஆளுக்கொரு ப்ளக்காக லட்சக்கணக்கான ஸ்கூட்டர் தெருவுக்கு வந்துவிட்டது. பத்துப் பூட்டையும் ஒரே மாஸ்டர் சாவியில் திறக்கிற மாதிரி ராவிக் கொடுக்கிற கைகள் இந்த ஊரில் இருக்கின்றன. 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்துப் பாராட்டினீர்களே, அந்தப் பட்டறைக்காரர் ஒருவரை ப்ளக்கை முடிவுசெய்த கூட்டத்துக்குக் கூப்பிட்டிருந்தால் பாதி நாளில் முடித்துக் கொடுத்திருப்பார்.

இதுவரை சொன்னதற்குச் சிரிக்கலாம். இனி சொல்லப்போவதற்கு வயிறு எரிகிறது.

கம்பெனி பார்க்கிங்குக்கு வாருங்கள். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். நீங்கள் வேலை பார்க்கிற இடத்தையே நினைத்துக்கொள்ளுங்கள். வாசலுக்கு அருகே, கூரை போட்ட இடத்தில், ஜி.எம். காருக்கு ஒரு சார்ஜர். அதன் போட்டோ ஆண்டறிக்கையில், பசுமைப் பொறுப்பு என்ற பக்கத்தில் வரும். பின்பக்கம் தகரக் கொட்டகையில் நூறு இருசக்கர வண்டி. அதில் பத்து மின்வண்டி. சுவரில் ஒரு ப்ளக் பாயின்ட் இருக்கிறது, அதற்கு மேல் ஒரு தாள்: ‘இங்கு செல்போன், வண்டி சார்ஜ் செய்யக் கூடாது. மீறினால் நடவடிக்கை.’ ஜி.எம். ஏற்றினால் பசுமை. ஷிப்டு ஆள் ஏற்றினால் கரண்ட் திருட்டு.

இத்தனைக்கும் ஜி.எம்.முக்குச் சொந்த வீடு இருக்கிறது, போர்ட்டிகோ இருக்கிறது, வண்டியோடு கார் கம்பெனி இலவசமாக மாட்டிக்கொடுத்த சார்ஜரும் அங்கே இருக்கிறது. ஷிப்டு ஆள் லைன் வீட்டில் இருக்கிறார். வண்டி தெருவில் நிற்கிறது. ஜன்னல் வழியே ஒயர் இழுத்தால் வீட்டுக்காரர் கத்துகிறார், சாக்கடையைத் தாண்டிப் போகிற அந்த ஒயர் மழையில் யாரைக் கொல்லும் என்ற பயம் வேறு. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று 2016இல் அரசு தரத் தொடங்கியது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று கறக்கிற வீட்டில் அந்த இலவச யூனிட் யாருக்குப் போகிறது என்று எல்லாருக்கும் தெரியும். பொது சார்ஜர் யாருக்கு உண்மையில் வேண்டும்? இவருக்குத்தான். யாருக்காக நட்டிருக்கிறோம்? கொடைக்கானல் போகிறவருக்கு.

விலையும் அப்படியே. வீட்டில் ஏற்றினால் வீட்டு மின்கட்டணம், ஜி.எஸ்.டி. கிடையாது. வெளியில் ஏற்றினால்? சார்ஜ் போடுவது மின்சார விற்பனை அல்ல, அது ஒரு சேவை, ஆகவே லைசென்ஸ் வேண்டாம் என்று 2018 ஏப்ரலில் மத்திய அரசு விளக்கம் தந்தது. கை தட்டினோம். சேவை என்று ஆனதும் பின்னாலேயே வரி வந்து உட்கார்ந்தது, 18 சதவீதம். யூனிட் 20 ரூபாய் என்றால் வரியோடு 23 ரூபாய் 60 காசு. 30 யூனிட் பேட்டரிக்கு 708 ரூபாய். வீட்டு மீட்டரில் இதில் பாதி ஆனாலே அதிகம். தங்கத்துக்கு ஜி.எஸ்.டி. 3 சதவீதம். மின்சாரக் காருக்கு 5 சதவீதம். போர்ட்டிகோ இல்லாத பாவத்துக்கு 18 சதவீதம். ஆட்டோவை மின்சாரமாக மாற்றிக்கொள், டெலிவரி வண்டியை மாற்றிக்கொள், பூமியைக் காப்பாற்று என்று ஏழைக்குப் புத்தி சொல்கிறவர்கள், பில்லையும் அவன் கையிலேயே திணிக்கிறார்கள்.

ஷிப்டு ஆளின் ஸ்கூட்டருக்கு ராக்கெட் விடுகிற தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். பேட்டரி சுமார் மூன்று யூனிட். எட்டு மணி நேர ஷிப்டில் வண்டி சும்மா நிற்கிறது. சாதாரண ப்ளக்கில் மெதுவாக ஏற்றினாலே ஐந்து மணி நேரத்தில் நிறைந்துவிடும். வேண்டியதெல்லாம் ஒரு நல்ல சாக்கெட், ஒழுங்கான எர்த், ஒரு எம்.சி.பி., ஒரு மீட்டர். ஓசியில் கேட்கவில்லை, ஓடின யூனிட்டுக்குச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டில், ரயிலடியில், ஆஸ்பத்திரி வாசலில், உழவர் சந்தையில் டோக்கன் போட்டுக் காசு வாங்குகிற ஸ்டாண்டுகளில் வரிசைக்குப் பத்து சாக்கெட் வையுங்கள். அடுத்த முறை ஸ்டாண்டு ஏலம் விடும்போது அதை ஒரு நிபந்தனையாக எழுதுங்கள், ஒரு வரிதான். இதில் கோடி புரளாது, ரிப்பன் கட்டவும் இடம் இருக்காது. நடக்காமல் இருப்பதற்கு அதுதான் காரணமென்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

அப்படியும் திறப்பு விழாதான் வேண்டும் என்றால் வாருங்கள், மறுக்கவில்லை. ஒரே நிபந்தனை. முன்னாலும் பின்னாலும் டீசல் கார்கள் சூழ வராமல், ஒரு மின்சார வண்டியை நீங்களே ஓட்டி வாருங்கள். நீங்கள் திறக்கிற சார்ஜரிலேயே, பி.ஏ.வைக் கூப்பிடாமல், உங்கள் போனில் ஆப் இறக்கி, வாலட்டில் உங்கள் காசைப் போட்டு ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். வண்டி கிளம்பினால் சந்தனமாலை எங்கள் செலவு. கிளம்பாவிட்டால் காமராஜர் பேருந்து நிலையம் வரை நாங்களே கொண்டுவந்து விடுகிறோம். டிக்கெட்டுக்குச் சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள், கண்டக்டரிடம் இருக்காது.